போப்பாண்டவர் ஏன் வெள்ளிக்காசு அடித்தார்?

கேட்கப்பட்ட கேள்வி இது: 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் போப்பாண்டவர்கள் பெயரில் நிறைய வெள்ளிக்காசுகள் வந்திருக்கின்றன. ஒரு மதத்தலைவர் எந்த அதிகாரத்தில் காசு அடித்தார்? சில காசுகளில் போப்பின் முகமே இல்லாமல் ஒரு குடை மட்டும் இருப்பது ஏன்? பின்பக்கத்தில் பிரசங்கம் மாதிரி லத்தீன் வாசகங்கள் எதற்கு?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். அந்தக் காலத்துப் போப் ஒரு நாட்டின் ராஜாவும்கூட. ரோம், பெருஜா, அங்கோனா, பொலோனா என்று மத்திய இத்தாலியில் பெரும்பகுதி அவர் ஆட்சியில் இருந்தது. 1598-இல் ஃபெர்ராராவும் 1631-இல் உர்பினோவும் சேர்ந்தன. பிரான்சுக்கு நடுவே அவிஞ்ஞோன் நகரமும் அவருடையதுதான். வரி வசூலித்தார், படை வைத்திருந்தார், சிறையும் தூக்குமேடையும் வைத்திருந்தார். ஆக, காசு அடித்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் வேறொரு இடத்தில் இருக்கிறது. இந்த ராஜாவுக்கு வாரிசு கிடையாது. பிரான்சிலோ ஸ்பெயினிலோ ராஜா செத்தால் அந்த நிமிஷமே மகன் ராஜா. ரோமில் அப்படி இல்லை. வயதான ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள், சில வருஷம் ஆள்வார், போய்விடுவார். அடுத்து வருகிறவர் வேறு ஊர், வேறு குடும்பம், பெரும்பாலும் முந்தையவருக்கு ஆகாதவர். போப் காசுகளில் நமக்கு விசித்திரமாகத் தெரிகிற எல்லாவற்றுக்கும் வேர் இதுதான் என்பது என் கருத்து.

முதலில் காசுகளின் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே படிக்கக் குழப்பமாகும். அடிமட்டத்தில் குவாத்ரினோ. ஐந்து குவாத்ரினோ ஒரு பயோக்கோ. பத்து பயோக்கோ ஒரு ஜூலியோ. பாதி ஜூலியோவுக்கு க்ரோஸ்ஸோ என்று பெயர். மூன்று ஜூலியோ சேர்ந்தது தெஸ்தோனே. பத்து ஜூலியோ, அதாவது நூறு பயோக்கோ, ஒரு ஸ்கூடோ. இதில் அரை க்ரோஸ்ஸோவிலிருந்து மேலே உள்ளவைதான் நல்ல வெள்ளி. ரோமில் சாதாரண ரொட்டியின் விலை ஒரு பயோக்கோ என்று நிலையாக இருக்கும். கோதுமை விலை ஏறினால் ரொட்டியின் விலையை ஏற்றமாட்டார்கள், எடையைக் குறைத்துவிடுவார்கள். ஆக, பையில் ஒரு ஜூலியோ இருந்தால் பத்து ரொட்டி வாங்கலாம். எவ்வளவு பெரிய ரொட்டி என்பது அந்த வருஷத்து விளைச்சலைப் பொறுத்தது.

ஜூலியோ என்ற பெயர் இரண்டாம் ஜூலியஸிடமிருந்து வந்தது. சிஸ்டைன் தேவாலயக் கூரையில் மைக்கேலாஞ்சலோவை ஓவியம் வரைய வைத்த அதே போப். 1504-இல் அவர் காசுச் சீர்திருத்தம் செய்தார். புழக்கத்தில் தேய்ந்து மதிப்பிழந்திருந்த பழைய வெள்ளிக்காசுக்குப் பதிலாக, கிட்டத்தட்ட 4 கிராம் எடையில் கெட்டியான காசு ஒன்றை வெளியிட்டார். ஜனங்கள் அவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். முப்பது வருஷம் கழித்து மூன்றாம் பால் போப்பானபோது இதே காசின் எடையும் தரமும் மறுபடி சீரமைக்கப்பட, அவர் பெயரில் பாவோலோ என்றும் அதை அழைக்கத் தொடங்கினார்கள். அதற்கப்புறம் இரண்டு பெயரும் ஒரே காசுக்குப் புழங்கின. பக்கத்து டஸ்கனியிலும் பாவோலோ என்ற பெயரிலேயே காசு ஓடியது. எல்லை தாண்டியும் நம்பி வாங்கினார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சரி, இந்தக் காசை அடித்தது யார்? போப்பின் கருவூலத் துறை நேரடியாக அடிக்கவில்லை, குத்தகைக்கு விட்டது. 1508-இலிருந்து 1524 வரை ரோம் நாணயசாலையைக் குத்தகைக்கு எடுத்தவர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து யாக்கோப் ஃபுக்கர். அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய பணக்காரர். ஜூலியஸ், பத்தாம் லியோ, ஆறாம் அட்ரியன், ஏழாம் கிளமென்ட் என நான்கு போப்புகளுக்கு அவருடைய ஆட்கள் காசு அடித்துக் கொடுத்தார்கள். அந்தக் காசுகளின் ஓரத்தில் சின்னதாகத் திரிசூலமும் வளையமும் சேர்ந்த குறி தெரிந்தால், அது ஃபுக்கர் வீட்டு முத்திரை.

இதே ஃபுக்கரிடம்தான் பிராண்டன்பர்க் ஆல்பர்ட் என்ற இளம் பிரபு கடன் வாங்கி, ரோமுக்குக் கட்டவேண்டிய பெரும் தொகையைக் கட்டி, மைன்ஸ் பேராயர் பதவியைப் பெற்றார். கடனை அடைப்பதற்கு ஜெர்மனியில் பாவமன்னிப்புச் சீட்டு விற்க அனுமதி கிடைத்தது. வசூலில் பாதி புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்கு, பாதி ஃபுக்கரின் கடனுக்கு. இதைக் கண்டித்துத்தான் 1517-இல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் தன் 95 வாதங்களை எழுதினார். ஜெர்மன் கிராமத்தான் உண்டியலில் போட்ட சில்லறையை எண்ணிக் கணக்கு வைத்தவரும், ரோமில் போப்பின் தலை பதித்த காசை அடித்தவரும் ஒரே நிறுவனத்தார். சமயச் சீர்திருத்த வரலாற்றைப் படிக்கிறவர்கள் நாணயசாலைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் கதை இன்னும் கொஞ்சம் தெளிவாகியிருக்கும்.

போப் நாட்டில் சொல்லிக்கொள்ளும்படியான வெள்ளிச் சுரங்கம் இல்லை. 1460-களில் தோல்ஃபா மலையில் படிகாரம் கிடைத்தது. துணிச்சாயத் தொழிலுக்குப் படிகாரம் இன்றியமையாதது, ஆகவே ஏற்றுமதி வருமானம் நன்றாக வந்தது. அதோடு ஐரோப்பா முழுவதிலிருந்தும் திருச்சபைக்கு வரும் வருமானம், யாத்திரிகர்கள் கொண்டுவரும் காசு, பிறகு ஸ்பெயின் வழியாக அமெரிக்காவிலிருந்து வந்து குவிந்த வெள்ளி. அந்த வெள்ளி வெள்ளமாகப் பெருகிய பிறகுதான் ரோமில் பெரிய வெள்ளிக்காசு சாத்தியமாயிற்று. வெள்ளி ஸ்கூடோ என்பது அதுவரை பேரேட்டில் மட்டும் இருந்த கணக்கு அலகு. கையில் பிடிக்கிற காசாக அது 1580-களின் இறுதியில், ஐந்தாம் சிக்ஸ்டஸ் காலத்தில் வந்தது. 32 கிராம் அளவுக்கு எடை, பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. இதைப் பியாஸ்த்ரா என்றார்கள்.

சிக்ஸ்டஸ் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பிரான்சிஸ்கன் துறவியாகி, போப்பாக வந்தவர். பணத்தைப் பதுக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வரியை ஏற்றினார், பதவிகளை விற்றார், ஐந்தே வருஷத்தில் சுமார் 40 லட்சம் ஸ்கூடோவைக் காஸ்தல் சாந்தாஞ்சலோ கோட்டையில் இரும்புப் பெட்டிகளில் பூட்டி வைத்தார். பெரும்பகுதி பொன், மீதி வெள்ளி. கடும் ஆபத்து வந்தாலொழிய எந்தப் போப்பும் தொடக்கூடாது என்று சட்டமும் போட்டார். வாரிசு இல்லாத ராஜா, அடுத்து வரப்போகிற முகம் தெரியாத ஆளைக் கட்டிப்போடச் செய்த ஏற்பாடு அது. பொருளாதாரம் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்: நாட்டில் புழங்கவேண்டிய பணம் கோட்டைக்குள் தூங்கியது.

ஆனால் அவர் ஏன் அப்படிப் பயந்தார் என்பதற்கு அறுபது வருஷம் பின்னால் போகவேண்டும். 1527 மே 6-ஆம் தேதி, பேரரசர் ஐந்தாம் சார்லஸின் சம்பளம் கிடைக்காத படை ரோமுக்குள் புகுந்து சூறையாடியது. ஏழாம் கிளமென்ட் இதே கோட்டைக்குள் ஓடி ஒளிந்தார். கடைசியில் 4 லட்சம் டுகாட் (அன்றைய பொற்காசு) மீட்புத்தொகை தருவதாக ஒப்புக்கொண்டார். பணம் எங்கே? கோயில் பாத்திரங்களை, விளக்குகளை, கிண்ணங்களை உருக்கிக் கோட்டைக்குள்ளேயே காசு அடித்தார்கள். முழு, அரை, கால் டுகாட் மதிப்பில் அவசரத்தில் அடித்த அந்த முற்றுகைக் காசுகளில் வேலைப்பாடு ஒன்றும் பெரிதாக இல்லை. இருந்தாலும் போப் காசுகளிலேயே என் மனதை மிகவும் பிசைவது அவைதான். கோட்டைக்குள் போப்பின் மணிமுடிகளில் இருந்த பொன்னை உருக்கியது பொற்கொல்லரும் சிற்பியுமான பென்வெனூத்தோ செல்லினி. அதைப் பற்றி அவரே பெருமையாக எழுதி வைத்திருக்கிறார். பெருமையடிப்பதில் அவருக்கு இணை அவர்தான்.

1529-இல் கிளமென்ட் செல்லினியையே நாணயசாலையின் அச்சு செதுக்கும் தலைவராக நியமித்தார். அவர் செதுக்கிய இரட்டைக் கார்லீனோ என்ற வெள்ளிக்காசில் கடல்மேல் நடக்கும் இயேசு, மூழ்கப்போகும் பேதுருவைக் கைப்பிடித்துத் தூக்குகிறார். சுற்றிலும் "க்வாரே துபித்தாஸ்தி", ஏன் சந்தேகப்பட்டாய் என்ற வாசகம். ரோம் எரிந்து இரண்டு மூன்று வருஷத்தில், பேதுருவின் வாரிசு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் போப் வெளியிடுகிற காசில் மூழ்கும் பேதுரு! வெள்ளிக்காசில் இவ்வளவு வெளிப்படையான ஒப்புதல் வாக்குமூலத்தை வேறெந்த அரசும் அடித்ததாக எனக்கு நினைவில்லை.

இப்போது குடைக்கு வருவோம். போப் இறந்ததும் அவர் பெயரில் காசு அடிப்பது நின்றுவிட வேண்டும். அடுத்தவர் தேர்வாகும்வரை நாட்டில் ராஜா இல்லை. ஆனால் சந்தை நடக்கிறது, சிப்பாய்க்குச் சம்பளம் தரவேண்டும். அந்த இடைவெளியில் நிர்வாகத்தைப் பார்ப்பவர் கமர்லெங்கோ என்ற பதவியிலுள்ள கர்தினால். அவர் தன் பொறுப்பில் காசு அடிக்கலாம். ஆனால் தன் முகத்தைப் போட முடியாது. அதனால் முன்பக்கத்தில் அவருடைய குடும்பச் சின்னம், அதன் மேலே பாதி விரிந்த குடை, குறுக்காக வைத்த இரண்டு சாவிகள். சுற்றிலும் "சேதே வகாந்தே", அதாவது ஆசனம் காலியாக இருக்கிறது என்ற எழுத்து. பின்பக்கத்தில் பெரும்பாலும் ஒளி சிந்தும் புறா, தேர்தலுக்குத் தூய ஆவி வழிகாட்டட்டும் என்ற வேண்டுதலோடு. குடை அரசின் சின்னம் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே குடை இருக்கிறது, அதன் கீழே ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த இடைவெளி சில நாளாகவும் இருக்கும், பல மாதமாகவும் இழுக்கும். 1740-இல் பன்னிரண்டாம் கிளமென்ட் பிப்ரவரியில் இறந்தார், அடுத்தவர் ஆகஸ்டில்தான் தேர்வானார். 1590 ஆகஸ்டிலிருந்து 1592 ஜனவரி வரையான பதினேழு மாதத்துக்குள் நான்கு முறை ஆசனம் காலியானது. ஏழாம் உர்பான் தேர்வான பதின்மூன்றாம் நாளே இறந்துபோனார். அச்சு செதுக்குகிறவன் பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

காலி ஆசன நாட்களில் ரோமில் சட்டம் ஒழுங்கு தளர்ந்துவிடும், பழைய பகைகளைத் தீர்த்துக்கொள்வார்கள். 1534 செப்டம்பரில் ஏழாம் கிளமென்ட் இறந்த அடுத்த நாளே நம் செல்லினி, பொம்பேயோ என்ற போட்டிப் பொற்கொல்லரைத் தெருவில் குத்திக் கொன்றார். புதிதாக வந்த மூன்றாம் பால் அவருக்குப் பாதுகாப்புக் கடிதம் கொடுத்தார். காரணம்? புதுப் போப்புக்குப் புதுக் காசு வேண்டும், அச்சு செதுக்க நல்ல கை வேண்டும்.

ஒவ்வொரு போப்புக்கும் புதுக் காசு என்பதால் குடும்பச் சின்னங்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஜூலியஸுக்கு ஓக் மரம், மெதிச்சி குடும்பத்துப் போப்புகளுக்கு உருண்டைகள், மூன்றாம் பாலுக்கு அல்லி மலர்கள், பதின்மூன்றாம் கிரகோரிக்கு யாளி மாதிரி ஒரு டிராகன், எட்டாம் உர்பானுக்கு மூன்று தேனீக்கள், ஏழாம் அலெக்சாண்டருக்கு மலைக்குவியலும் நட்சத்திரமும். மேலே மூன்றடுக்கு மணிமுடியும் சாவிகளும் எல்லோருக்கும் பொது. குடும்பம் மாறினாலும் பதவி மாறாது என்பதைச் சொல்லும் ஏற்பாடு. அடுத்து, ஆட்சி ஆண்டு. கிறிஸ்து ஆண்டு இல்லாவிட்டாலும் இது பெரும்பாலும் இருக்கும். பதினோராம் இன்னொசென்ட் 1676 செப்டம்பரில் தேர்வானவர். அவர் காசில் எட்டாம் ஆண்டு என்று இருந்தால் அது 1683 இலையுதிர் காலத்துக்கும் 1684-க்கும் இடைப்பட்டது.

அவர் பெயரை எடுத்துவிட்டதால் அந்தப் பிரசங்கக் கேள்விக்கும் வந்துவிடலாம். காசில் வாசகம் போடுவது அவருக்கு முன்பே உண்டு. ஏழாம் அலெக்சாண்டரின் பியாஸ்த்ரா ஒன்றில் வில்லநோவா தோமையார் பிச்சையிடும் காட்சி இருக்கிறது. ஆனால் காசையே காசுக்கு எதிராகப் பேசவைத்தவர் இன்னொசென்ட்தான். அவருடைய தெஸ்தோனேயில், வாங்குவதைவிடக் கொடுப்பது மேல். ஜூலியோவில், ஏழைக்குக் கொடுப்பவனுக்குக் குறைவு வராது. பியாஸ்த்ராவில், பழிவாங்கும் நாளில் செல்வம் உதவாது. அரை க்ரோஸ்ஸோ என்ற பொடிக்காசில் இரண்டே வார்த்தை: "நோச்செத் மீனுஸ்", இது குறைவாகக் கெடுக்கும். காசு சின்னது என்பதால் பாவமும் சின்னதாம்! அந்த ஆளுக்கு நகைச்சுவை உணர்வே கிடையாது என்று சொல்பவர்கள் இந்தக் காசைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

இவர் யார்? கோமோ நகரத்து ஓதெஸ்கால்கி குடும்பம். ஜெனோவாவில் வட்டிக்கடை, வங்கித் தொழில். இளவயதில் அந்தக் கடையில் இவரும் வேலை கற்றிருக்கிறார். பணம் எப்படி ஓடும் என்பது கணக்குப் புத்தகம் வழியாகத் தெரிந்தவர். போப்பானதும் உறவினர்களுக்குப் பதவியும் பணமும் வாரிக்கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தினார், செலவைச் சுருக்கிக் கருவூலத்தைச் சமன்செய்தார். மிச்சம் பிடித்த பணம் எங்கே போயிற்று என்பதையும் காசே சொல்கிறது. 1683 செப்டம்பர் 12-ஆம் தேதி வியன்னாவை முற்றுகையிட்ட துருக்கியப் படை முறியடிக்கப்பட்டது. அந்தப் போருக்குப் போப் பெரும் பண உதவி செய்திருந்தார். 1684-ஆம் ஆண்டுப் பியாஸ்த்ராவில், ஆண்டவரே உமது வலக்கை எதிரியை நொறுக்கிற்று என்ற யாத்திராகம வசனத்தைப் பொறித்தார். செய்தித்தாள் பரவலாக இல்லாத காலத்தில் 32 கிராம் வெள்ளியில் ஒரு வெற்றி அறிக்கை.

மற்ற போப்புகள் காசைக் கட்டட விளம்பரமாகப் பயன்படுத்தினார்கள். பத்தாம் கிளமென்ட் காசில் சிவித்தாவேக்கியா துறைமுகமும் கப்பல்களும். பதினோராம் கிளமென்ட் காலத்தில் தைபர் நதிக்கரையில் கட்டிய ரிப்பெத்தா படித்துறை காசில் ஏறியது, பாந்தியோன் முன்னால் நிறுத்திய கல்தூணும் ஏறியது. ஆட்சி எத்தனை வருஷமோ தெரியாது, மகனும் இல்லை, கட்டியதைச் சீக்கிரம் சொல்லிக்கொள்ள வேண்டும். இருபத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஜூபிலி ஆண்டுகளில் புனித வாசல் (ஜூபிலியின்போது மட்டும் திறக்கும் பேராலயக் கதவு) பொறித்த காசுகள். யாத்திரிகர்கள் அவற்றை ஊருக்கு எடுத்துப்போய்ப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். 1700 ஜூபிலியின் வாசலைத் திறக்கச் செய்த போப் வேறு, மூடிய போப் வேறு. பன்னிரண்டாம் இன்னொசென்ட் நடுவிலேயே இறந்துவிட்டார்.

காசு அடிக்கும் முறையிலும் இடையில் மாற்றம் வந்தது. ஆரம்பத்தில் சம்மட்டி. கீழச்சின்மேல் வெள்ளித் தகட்டை வைத்து, மேலச்சைப் பிடித்து ஓங்கி அடிப்பார்கள். அதனால்தான் பழைய ஜூலியோக்களில் படம் ஒருபக்கம் சரிந்தும், விளிம்பு வெட்டுப்பட்டும் இருக்கும். 1660-களில் ஏழாம் அலெக்சாண்டர் நாணயசாலையை வத்திக்கான் தோட்டப்பக்கம் மாற்றி, நீர்விசையில் ஓடும் இயந்திரங்களை வைத்தார். அதற்குப் பிறகு வந்த பியாஸ்த்ராக்களின் வட்டமும் ஆழமும் வேறு தரம். செதுக்கியவர்களில் முக்கியமானது ஹமெரானி குடும்பம். ஜெர்மன் வம்சாவளி ஆல்பர்ட்டோவில் தொடங்கி, மகன் ஜொவான்னி மார்தீனோ, பேரப்பிள்ளைகள் எர்மெனெஜில்தோ, ஒத்தோனே, பெயாத்ரீச்சே என்று நூறு வருஷத்துக்கு மேல் அதே வேலை. பெயாத்ரீச்சே பெண், இருபத்தேழு வயதுக்குள் இறந்துபோனார். போப்புகளுக்கு வாரிசு இல்லை, போப்பின் முகத்தைச் செதுக்கியவர்களுக்கு இருந்தது.

18-ஆம் நூற்றாண்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நல்ல வெள்ளி வெளிநாட்டுக்குக் கசிந்தது, 1750-களில் ஸ்கூடோவின் எடை 26 கிராம் சொச்சமாக இறங்கியிருந்தது. சாந்தோ ஸ்பிரிதோ வங்கியும் மோந்தே தி பியெத்தா அடகு நிலையமும் வெளியிட்ட காகிதச் சீட்டுகள் பணமாக ஓடின, அளவுக்கு மீறி ஓடி மதிப்பிழந்தன. 1790-களில் நெப்போலியன் படை நெருங்கியபோது ஆறாம் பயஸின் அரசு செம்பில் பெரிய பெரிய காசுகளை அடித்துச் சமாளித்தது.

கடைசியாக, இப்படி ஒரு காசு கைக்கு வந்தால் முதலில் எடை போடுங்கள். பியாஸ்த்ரா என்று சொல்லி 25 கிராம் காட்டினால் சந்தேகப்படுங்கள். ஜூலியோ மூன்று நான்கு கிராமுக்குள் இருக்கவேண்டும், தெஸ்தோனே ஒன்பது பத்து. மேல் விளிம்பில் பற்றவைத்த தடம் இருக்கிறதா பாருங்கள். பெரிய காசுகளைப் பதக்கமாகக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பழக்கம் இருந்ததால் நிறையக் காசுகளில் அந்தத் தழும்பு உண்டு, விலையும் அதற்கேற்பக் குறையும். போப்பின் நினைவுப் பதக்கங்களையும் காசு என்று விற்பார்கள். குடும்பச் சின்னம், ஆட்சி ஆண்டு, எடை இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் வாங்காதீர்கள்.